கலா பார்க்காத கடல்

"கண்ண மூடுனா இருட்டாத்தாம்மா இருக்கு. எப்படி வரையுறது?" ஒன்பதாவது படிக்கும் மகள் டிராயிங் நோட்டோடு வந்து கேட்டாள். வில்லியனூர் பள்ளியில் என்னோடு படித்த கலா ஞாபகத்துக்கு வந்தாள்.

ஒருநாள் டிராயிங் டீச்சர் எங்களைக் கண்ணை மூடி மனசுக்குள் கடலைப் பார்க்கச் சொன்னார்.

"இன்னாடி தெரியுது?"

"ஒண்ணுமே தெரியல டீச்சர்," என்றாள் கலா.

வகுப்பிலேயே நன்றாக வரைபவள் அவள்தான். கோடு போடப் போடத்தான் அவளுக்குப் படம் பிடிபடும்.

"அப்போ நோட்டுல இருக்கிறதெல்லாம் காப்பி அடிச்சதா?" டீச்சர் அவள் நோட்டைக் கிழித்துப்போட்டார்.

அடுத்து என் முறை. எனக்கும் இருட்டுதான், அதைக் கலாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

"அலை தெரியுது டீச்சர், படகு தெரியுது," என்றேன்.

கலா என்னையே பார்த்தாள். அப்புறம் அவள் வரையவே இல்லை.

மகளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். "கண்ண மூடுனா எனக்கும் எதுவும் தெரியாதுடி," என்றேன். அன்றைக்கே டீச்சரிடம் இதைச் சொல்லியிருக்கலாம்.