செத்த முட்டை வாளி

என் தங்கையை வீட்டில் எல்லோரும் முட்டைக்காரி என்றுதான் கூப்பிடுவோம். அவள் கோழி வளர்ப்பவள் இல்லை. ஆய்வுக்கூடத்தில், கரு வளரும் முட்டையின் ஓட்டைச் சதுரமாக அறுத்து, உள்ளே இருக்கும் சவ்வின்மேல் புற்றுக்கட்டித் துணுக்கை வைப்பவள். இந்த அசிங்கத்துக்கா படிக்க வைத்தேன் என்று பல தடவை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் சாப்பிட உட்காரும்போதுதான் அவளுக்குக் கதை வரும்.

"கட்டி சும்மா கிடக்காதுக்கா. ஏதோ ஒண்ணைச் சுரந்து பக்கத்து ரத்தக்குழாயை எல்லாம் கூப்பிடும். அதுங்களும் கிளைவிட்டு ஓடிப்போகும். அந்த ரத்தத்தைக் குடிச்சுத்தான் கட்டி கொழுக்கும்."

"சனியனே, சாப்பிட விடுடி!"

பிறகு என் சிறுநீரகத்திலேயே ஒன்று வந்து தொலைத்தது. அறுத்து எடுப்பதற்குள் நுரையீரலுக்கும் சிதறிவிட்டது. புதுக்குழாய் முளைக்காமல் தடுக்கும் மருந்து ஒன்று இருக்கிறது, என் கட்டிக்கு அது கேட்குமா என்று முட்டையில் பார்த்துவிட்டுத் தரலாம் என்றார் டாக்டர். கேட்காவிட்டால் வேறு மருந்து. இரண்டையும் தாங்க என் உடம்பில் தெம்பில்லை. என் கட்டியைச் சோதிக்கும் முட்டைகள் தங்கையின் மேசைக்கே வந்தன.

"ஜம்முனு கேக்குதுக்கா! குழாயெல்லாம் வத்திப்போச்சு" என்று வந்து குதித்தாள்.

அந்தச் சனியனை என் கண்ணால் பார்த்தே தீருவேன் என்று கிளம்பிப் போனேன். ஓட்டின் ஓட்டை வழியே பார்த்தால், பழுப்பாக ஒரு துணுக்கு. என் துணுக்கு. உவ்வே! குமட்டிக்கொண்டு வர, கீழே இருந்த வாளியில் குனிந்தேன்.

செத்த முட்டைகளைப் போடும் வாளி அது. அதற்குள் போன முட்டை சோதனைக் கணக்கில் சேராது. மேலாகக் கிடந்த முட்டையில் குட்டிச் சிவப்புப் புள்ளி ஒன்று துடித்தது. பக்கத்தில் என் கட்டி. அதைச் சுற்றிக் கொழுத்த ரத்தக்குழாய்கள்.

"இது உயிரோட இருக்கேடி?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "கத்தாதக்கா. மருந்து கேக்காத முட்டையை எல்லாம் நான்தான் இதுல போட்டேன். கேக்கலைன்னு தெரிஞ்சா உனக்கு இந்த மருந்தைத் தர மாட்டாங்க. நல்ல மருந்துக்கா, எத்தனையோ பேர் பிழைச்சிருக்காங்க."

"எனக்குக் கேக்காத மருந்தை அலமாரியில வச்சு அழகு பாக்கவா? த்தூ! எடுடி வெளியே. எல்லாத்தையும் எடு."

கட்டியின்மேல் இருந்த அருவருப்பெல்லாம் அவள்மேல் திரும்பியது. அவளைத் தொடக்கூடப் பிடிக்கவில்லை. அழுதுகொண்டே ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். தட்டில் இடம் போதவில்லை. அத்தனையிலும் என் கட்டி நன்றாகத் தின்றுகொண்டிருந்தது.