இடப்பக்கம் சுற்றிய பால்வாடி

ஜோதியம்மாளுக்கு வாய்ப்புகள் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடுதான் வந்து சேர்ந்தன.

அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையோரத்தில் அவள் கணவன் ஆதிமூலம் பஜ்ஜிக் கடை வைத்திருந்தான். மடித்துக் கொடுக்கப் பழைய பேப்பரை எடைக்கு வாங்கிப் போடுவான். ஊர்ப் பால்வாடியில் டீச்சராக இருந்த ஜோதியம்மாள் சாயங்காலம் கடைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தக் கட்டைப் பிரிப்பாள். சினிமாப் பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். மழலையர் கல்வி என்று எங்கே அச்சாகியிருந்தாலும் அவள் கண் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். கோயம்புத்தூரில் பயிற்சி முகாம். மதுரையில் கருத்தரங்கு. சென்னையில் புதிய நர்சரிப் பள்ளிக்கு ஆள் தேவை. எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி போன தீபாவளிக்கு முன்பே முடிந்திருக்கும்.

ஒருமுறை பாதி பஜ்ஜி தின்றுகொண்டிருந்த ஒரு பெரியவரின் கையிலிருந்தே பேப்பரைப் பிடுங்கிவிட்டாள்.

"பஜ்ஜிய நீங்களே வெச்சிக்குங்க ஐயா. பேப்பர மட்டும் குடுங்க."

தேதி இருந்த இடத்தில் சரியாகச் சட்னி விழுந்திருந்தது. முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். அதுவும் முடிந்துபோன விஷயம்தான்.

"உன் வேலவாய்ப்பால எனக்கு யாவாரம் கம்மியாயிடுச்சிடி" என்றான் ஆதிமூலம். பெரியவர் வெறுங்கையில் சுடச்சுட பஜ்ஜியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டே போனார்.

திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம் ஜோதியம்மாள் வேலைக்குச் சேர்ந்தாள். மற்ற டீச்சர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் டீச்சராகிவிட வேண்டும் என்பது அன்றிலிருந்தே அவள் ஆசை. அதற்கு ஒரு படிப்பு வேண்டும். அந்தப் படிப்புக்கான அறிவிப்புதான் எப்போதும் பழைய பேப்பரில் வந்தது.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஐப்பசியில், ரமணாசிரமம் பக்கத்து லாட்ஜ் ஒன்றிலிருந்து வந்த கட்டுக்குள் போன வாரத்துப் பேப்பர் ஒன்று தப்பித் தவறிச் சேர்ந்து வந்தது. சென்னையில் ஒரு கல்லூரி. பால்வாடி ஆசிரியைகளுக்கு ஓராண்டுப் படிப்பு. மாவட்டத்துக்கு ஒருவருக்குத்தான் இடம். தேர்வுக் குழு நேரில் வந்து வகுப்பைப் பார்க்கும். வயது முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது.

தை பிறந்தால் ஜோதியம்மாளுக்கு முப்பத்தாறு. இதை விட்டால் பிறகு ஆயுசுக்கும் பஜ்ஜிப் பேப்பர்தான்.

விண்ணப்பித்தாள். நடத்திக் காட்ட வேண்டிய பாடம் எது என்று கல்லூரியிலிருந்து பதில் வந்தது. இடம் வலம் கற்பிக்கும் விளையாட்டு. பிள்ளைகள் வட்டமாக, முதலில் வலப்பக்கம் ஒரு சுற்று, பிறகு இடப்பக்கம் ஒரு சுற்று வர வேண்டும்.

"அட, இவ்ளோதானா?" என்றாள் ஜோதியம்மாள்.

மறுநாளே பால்வாடித் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, நடுவில் ஒரு ஸ்டூல் வைத்து, பிள்ளைகளை நடக்கச் சொன்னாள். நாலு எட்டு வைப்பதற்குள், முன்னால் போன மாறன் என்ற வாண்டு கையைத் தூக்கி, "அண்ணாமலையாருக்கு!" என்றான்.

"அரோகரா!" என்றது மொத்தப் பால்வாடியும்.

அந்தப் பாதையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். எதையாவது சுற்றி வரச் சொன்னால் அவர்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். புகழேந்தி வட்டத்தின் ஓரமாக உட்கார்ந்து, சோற்றுத் தட்டை முன்னால் வைத்து, "தர்மம் பண்ணுங்க சாமி" என்று ஆரம்பித்தான். நந்தினி டம்ளரை எடுத்துக்கொண்டு, "சுக்கு காப்பி, சுக்கு காப்பி" என்று கூட்டத்துக்குள் புகுந்தாள். மாறன் ஸ்டூலைச் சந்தேகமாகப் பார்த்தான்.

"இதுவா டீச்சர் மல? ஒல்லியா கீது."

பால்வாடி ஆயா ஆராயி ஒல்லியில்லை. அவள் கீழே உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். பிள்ளைகள் அவளை இழுத்து வந்து நடுவில் உட்கார வைத்தார்கள். ஆராயிக்கு ஒரே பெருமை.

"நான் ஆடாம அசையாம இருக்கணும் இல்ல, டீச்சரம்மா?"

"நீ வேற ஏன் ஆராயிக்கா!"

வலப்பக்கம் சுற்றுவதில் குறையே இல்லை. "இப்ப இடப்பக்கம்" என்றதும், ரயில்வே கேட் போட்ட மாதிரி எல்லாம் நின்றுவிட்டன.

"மலைய யாராச்சும் ரிவர்ஸ்ல சுத்துவாங்களா டீச்சர்?" என்று நந்தினி கேட்டாள்.

ஜோதியம்மாள் கெஞ்சினாள். மிரட்டினாள். இடப்பக்கம் சுற்றினால் சத்துமாவு உருண்டை என்றாள். உருண்டையை வாங்கித் தின்றுவிட்டு, வலப்பக்கமே இன்னும் ஒரு சுற்று போனார்கள். குழு வரும் நாள் வரைக்கும் ஒரு பிள்ளைகூட அந்தப் பக்கம் அசையவில்லை.

அன்று காலை ஜீப் வந்தது. குழுத் தலைவர் சக்கரபாணி உயரமான மனிதர். முகம் தெரியும் அளவுக்குப் பாலிஷ் போட்ட ஷூவை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். கூட வந்த பேராசிரியை வேதா செருப்பை அதன் பக்கத்தில் விட்டார்.

"இன்னிக்கு மட்டும் கம்முனு நடக்கணும். அரோகரா கூடாது, காப்பி கூடாது" என்று பிள்ளைகளிடம் சத்தியமே வாங்கியிருந்தாள் ஜோதியம்மாள். ஆராயி அடுப்படியில்தான் இருக்க வேண்டும் என்பதும் ஏற்பாடு. ஆனால் ஆராயி பச்சைச் சேலை கட்டி, தலைக்குக் குளித்து, யாரும் கூப்பிடாமலே வந்து நடுவில் உட்கார்ந்துவிட்டாள். இனி அவளை எழுப்புவது நடக்கிற காரியமில்லை.

பிள்ளைகள் நடந்தார்கள். சத்தமே இல்லை. ஜோதியம்மாளுக்கு மூச்சு வந்தது. அப்போது நந்தினி வரிசையிலிருந்து விலகிப் போய், கையிலிருந்த டம்ளரை ஆராயியின் கொண்டை மேல் வைத்தாள்.

"தீபம் ஏத்தியாச்சு!"

"அரோகரா!" கூரை ஓட்டில் இருந்த புறாக்கள் பறந்துபோயின.

அதற்குப் பிறகு எதுவும் ஜோதியம்மாள் கையில் இல்லை. புகழேந்தி சக்கரபாணியின் முன்னால் தட்டை நீட்டினான். அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, வேறு எதுவும் அகப்படாமல் பேனாவைப் போட்டார். நந்தினி தீபத்தை இறக்கி, அதிலேயே வேதாவுக்குக் காப்பி கொடுத்தாள். வேதா வெறும் டம்ளரை உறிஞ்சிவிட்டு, "சர்க்கரை கம்மியா இருக்கேம்மா" என்றார்.

"ஜாஸ்தி போட்டா சுகர் வரும்" என்றாள் நந்தினி.

சக்கரபாணி தொண்டையைச் செருமினார். "வலம் ஆச்சு. இடம் எங்கம்மா?" என்று கேட்டு, மதிப்பெண் போடப் பேனாவைத் தேடினார். "தம்பி, அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடு."

"தர்மம் போட்டத திருப்பிக் கேக்கக் கூடாது சாமி" என்றான் புகழேந்தி.

"பசங்களா, இப்ப இடப்பக்கம்" என்றாள் ஜோதியம்மாள். யாரும் அசையவில்லை. மாறன் அவளைப் பரிதாபமாகப் பார்த்துத் தலையை ஆட்டினான். வேதா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு வருஷம் எண்ணெய்ப் பேப்பரில் தேடியது கண்ணெதிரில் நழுவிக்கொண்டிருந்தது.

அந்த வேகத்தில் அவள் வாயிலிருந்து எப்படி வந்ததோ, நெற்றியில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஐயய்யோ! செருப்ப எங்க வுட்டோம்?"

பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆதிமூலத்தின் கடை முன்னால் கேட்கிற கூக்குரல் அதுதான். பிள்ளைகளுக்கு அது விளையாட்டே இல்லை. எல்லாம் அப்படியே திரும்பின. வந்த வழியே, இடப்பக்கமாக, ஓட ஆரம்பித்தன.

"இங்க இல்ல, இன்னும் பின்னால பாருங்க!" ஜோதியம்மாளும் கூடவே ஓடினாள். "இன்னும் பின்னால!"

முழுச் சுற்று முடிந்தது. அத்தோடு நின்றிருக்கலாம். செருப்பு வாசலில் இருப்பது மாறனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. மொத்தக் கூட்டமும் வெளியே பாய்ந்தது. ஜோதியம்மாள் போய்ச் சேர்ந்தபோது வேதாவின் செருப்பு இரண்டும் நந்தினியின் கையில் மாட்டியிருந்தன. சக்கரபாணியின் ஷூவில் ஒன்றைக் காணவே காணோம்.

உள்ளேயிருந்து ஆராயியின் குரல் வந்தது. "டீச்சரம்மா, மல எய்ந்துக்கலாமா?"

ஒற்றை ஷூவோடு, மற்ற காலை முள்ளுக்குப் பயந்து தூக்கித் தூக்கி வைத்து, சக்கரபாணி ஜீப்புக்குப் போனார்.

சாயங்காலம் கடையில் ஜோதியம்மாள் பேப்பர்க் கட்டைத் தொடவே இல்லை.

"இன்னா ஆச்சு, சொல்லேன்" என்றான் ஆதிமூலம்.

"பேனா போச்சு. ஷூ போச்சு. எல்லாம் போச்சு."

முழுக்கதையையும் கேட்டு, சட்டியில் இருந்த பஜ்ஜி கருகும் வரைக்கும் சிரித்தான். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, புதிதாக இரண்டு போட்டு எடுத்து அவள் கையில் கொடுத்தான். எங்கே தேடிப் பிடித்தானோ, ஒரு எழுத்துகூட அச்சாகாத வெள்ளைப் பேப்பரில் மடித்திருந்தான்.

மார்கழியில் தகவல் வந்தது. இடம் அவளுக்குத்தான்.

அவளால் நம்ப முடியவில்லை. காரணத்தைப் பிறகு வேதாதான் சொன்னார். மலையைச் சுற்றி இருந்த ஊர்களில்தான் குழு முதலில் வகுப்புகளைப் பார்த்தது. ஒரு பால்வாடியிலும் ஒரு பிள்ளையும் இடப்பக்கம் திரும்பவில்லை. ஓரிடத்தில் டீச்சரே, "அது மட்டும் வேணாம் சார், குடும்பம் இருக்குது" என்று கும்பிட்டுவிட்டாராம். செங்கம் பக்கம் பிள்ளைகள் திரும்பினார்கள். ஆனால் ஆளுக்கொரு திசையில். ஒழுங்காக ஒரு முழுச் சுற்று வந்தது அடி அண்ணாமலையில் மட்டும்தான்.

"தலைவர் கையெழுத்துப் போட்டாருங்களா?"

"போட்டார். கீழே, 'ஒரு ஷூ பாக்கி'ன்னும் எழுதினார்."

பாக்கி, அவள் கிளம்புகிற வாரம் கிடைத்தது. ஆராயி சத்துமாவு டின்னில் கையை விட, ஷூவோடு வெளியே வந்தது.

"தொலஞ்சிடும்னு நான்தான் பத்திரமா வெச்சேன்" என்றான் மாறன்.

ஜோதியம்மாள் அதைத் தட்டித் துடைத்து, அந்த அறிவிப்பு வந்த பேப்பரிலேயே சுற்றி, சென்னைக்குக் கொண்டுபோய் முதல் நாளே சக்கரபாணியிடம் நீட்டினாள். அவர் மோந்து பார்த்தார்.

"இன்னொண்ண அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டேனேம்மா."

"ஐயோ, எங்க சார் போட்டீங்க?" என்று பதறிக் கிளம்பினாள். அவர்தான் தடுத்து உட்கார வைத்தார்.

படித்துத் திரும்பினாள். ஆசைப்பட்டபடியே டீச்சர்களுக்கு டீச்சரானாள். பத்து வருஷம் போல ஆரணி, போளூர், செய்யாறு என்று பஸ்ஸிலேயே சுற்றினாள். எந்த ஊர்ப் பயிற்சியிலும் ஒரு புது டீச்சர் பிள்ளைகளை மேய்க்க முடியாமல் விழித்து நின்றால், பின்னாலிருந்து மெல்லக் கேட்பாள். "செருப்ப எங்க வுட்டோம்?"

இரண்டாயிரத்து எட்டில் அவளுடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு இந்த ஊர்களிலிருந்தெல்லாம் டீச்சர்கள் வந்திருந்தார்கள். ஆதிமூலம் ஒரு மூலையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். எல்லாரும் கிளம்பும்போது வாசலில் செருப்புகள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள்.

கூடத்தின் நடுவில், எழுப்ப ஆளில்லாமல் உட்கார்ந்திருந்த ஆராயி அழுத மூக்கை உறிஞ்சிக்கொண்டு சத்தம் போட்டாள்.

"இங்க இல்ல. இன்னும் பின்னால பாருங்க!"

முதலில் சிரித்தது ஆதிமூலம்தான்.