நேராகத் துளைத்த குழல்

அப்பா விழுந்தபோது நாகசுரம் அவருக்கு அடியில் இருந்தது. அவர் அன்றைக்கே போய்ச்சேர்ந்தார். குழல் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. நான் அழவில்லை. அதன் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே, வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைச் செருகும் இடத்தில், சின்ன இடுக்கு. கீழே வர வர விரிந்து, என் பெருவிரல் போகிற அகலம். ஒரு ஓடை மாதிரி இருந்தது, தண்ணீர் இல்லாத ஓடை.

எங்கள் ஊர் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த காலம். கோயிலில் ஊதுகிறவருக்குத்தான் நாங்கள் குடியிருந்த வீடு. கொடியேற்றத்தன்று அண்ணன் ஊதிக் காட்டவேண்டும். கோயில் அதிகாரிக்குப் பிடித்தால் வீடு. இல்லையென்றால் இரணியலில் அத்தை வீட்டுப் பின்கட்டு.

நாகசுரம் செய்கிறவர்கள் தஞ்சாவூர்ப் பக்கம். போய்வர நாள் இல்லை. அதே மாதிரி புதுசு செய்யச் சொல்லி, அண்ணன் பிளந்த குழலைப் பக்கத்து ஊர்த் தச்சாசாரியிடம் கொடுத்தான். கட்டில்கால், தொட்டில்கம்பு எல்லாம் கடைந்து பேர் வாங்கிய கை. புதுக்குழலை வாங்கப் போனபோது நானும் கூட இருந்தேன்.

"உள்ள பூரா தேஞ்சு கெடந்துது மக்கா," என்றார் ஆசாரி. "உங்கப்பன் மூச்சு லேசுப்பட்டதா? எச்சியும் காத்தும் அரிச்சு அரிச்சு கீழ்வாயப் பெருசாக்கிட்டு. நான் மேலேருந்து கீழவரை ஒரே நேராத் தொளச்சிருக்கேன். நூல் புடிச்சாப்பில."

வெளியே பார்த்தால் அப்பாவின் குழலேதான். ஊதத் தெரிந்த அண்ணன் குழலுக்குள் ஒருநாளும் எட்டிப் பார்த்தவன் இல்லை. "நல்லாருக்குல்லா ஏட்டி?" என்று என்னைக் கேட்டான்.

புதுக்குழலை முதலில் சாமிதான் கேட்கவேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு மூச்சுகூட ஊதிப் பார்க்கவில்லை.

தீட்டுக் கழிந்த பிறகு வந்தது கொடியேற்றம். அண்ணன் ஊதினான். குடத்துக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல ஒரு தாழ்ந்த குரல் வந்தது.

"ஏலே, நாகசுரத்துக்குச் சளி புடிச்சிருக்கா?" என்றார் தவில்காரர். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அண்ணன் மேல் சட்ஜத்துக்காக மூச்சை இறுக்கினான். குரல் சட்ஜத்தில் நிற்காமல் அதையும் தாண்டிப் பஞ்சமத்தில் போய் விழுந்தது. மறுபடி இறுக்கினான். மறுபடியும் பஞ்சமம். அவன் கழுத்து நரம்பைப் பார்த்தேன். வேறு யாருடைய கழுத்தையோ பார்ப்பதுபோல இருந்தது. வெயில் இருந்தது. கொடித்துணி ஆடியது.

"போதும் டேய்," என்றார் அதிகாரி. "நாளைக்கு வேற ஆளு வரட்டும்."

பல வருசம் கழித்து, கடற்கரை மாதா கோயில் பாண்டு வாத்தியத்தில் கிளாரினெட் வாசிக்கிற ஒருவர் விளக்கிச் சொன்னார். கிளாரினெட் உள்ளே நேர்தான். இறுக்கி ஊதினால் அதுவும் அப்படித்தான் தாண்டிக் குதிக்குமாம். கீழே விரிந்துகொண்டே போகிற குழலில்தான் அதே சுரம் மேல் ஸ்தாயியில் வந்து நிற்கும். விரல் ஒன்று, துளை ஒன்று, மூச்சும் ஒன்று. உள்ளே இருக்கிற வெறுமையின் வடிவம் மட்டும் வேறு. நான் தலையாட்டினேன். கேட்டு என்ன ஆகப்போகிறது.

வீட்டைக் காலி செய்த அன்று, வழியே போன ஆசாரி, சாமான் ஏற்றிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்து நின்றார். திருவிழாவுக்கு வராதவர். கேட்காமலே கட்டிலைத் தூக்கி ஏற்றினார்.

"குழலு எப்படி மக்கா? நல்லாக் கேட்டுதா?"

"நல்லாக் கேட்டுது," என்றான் அண்ணன்.

"பொறவு என்னத்துக்கு வீட்டக் காலி பண்ணுகிய?"

அண்ணன் கயிற்றின் மறுமுனையை அவர் பக்கம் எறிந்தான். அவர் பிடித்து இழுத்துக் கட்டினார்.