பார்த்துவிட்டுத்தான் அடைத்தேன்

உள்ளே பார்க்காமலே புகையறைக் கதவை அடைத்தேன். பார்த்துவிட்டுத்தான் அடைத்தேன் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் பதினாறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி அடி வாங்கினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நில அளவையாளனாக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். நீர்வேலியில் எங்கள் வீட்டு வளவுக்குப் பின்னால் வாழைத்தோட்டம் இருக்கிறது. மகள் ஆஸ்பத்திரியில் தாதி. மருமகன் வெளிநாட்டில். அவர்களுடைய ஒரே மகனுக்கு அப்போது ஐந்து வயது. முன்பள்ளி விட்டு வந்ததிலிருந்து மகள் வீடு திரும்பும் வரைக்கும் அவனைப் பார்த்துக்கொண்டவள் பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைதான். இரண்டு வளவுகளுக்கும் நடுவிலுள்ள வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழையக்கூடிய இடைவெளி இருந்தது. அதைப் பொட்டு என்போம். பழகிய வீடுகளுக்கு நடுவே பொட்டு இருக்கும். மனம் முறிந்தால் முதலில் அடைபடுவதும் அதுதான்.

அவள் ஓ. எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். விஞ்ஞானப் புத்தகத்தை அவனுக்குக் கதைபோல உரத்து வாசிப்பாள். அவன் வாயைப் பிளந்து கேட்டிருந்துவிட்டு, "அக்கா, உங்களுக்கு விளங்கேல்லை. நான் சொல்லித் தாறன்" என்பான்.

"ஓமடா, பெரிய புரொபசர். முதல்ல மூக்கைத் துடை."

அவனுக்கு அவளிடம் இருந்த ஒட்டுதல் என்னிடம் இல்லை. நான் கொடுத்தால் தின்னாத சோற்றை அவள் கையால் தின்பான். அது எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இருவரும் ஒவ்வொரு பின்னேரமும் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுவார்கள். கூப்பிட்டால் வெளியே வரக்கூடாது என்பது அவர்களுடைய சட்டம். அவள் தந்திரக்காரி, "ஐஸ்கிறீம் வந்திட்டுது" என்று கூவி அவனை ஒருமுறை பிடித்திருந்தாள். அதற்குப் பிறகு அவன் எந்தக் கூப்பாட்டுக்கும் மசியமாட்டான். அவள் தோல்வியை ஒத்துக்கொண்டால் அருகில் இருக்கும் எதையாவது மூன்று முறை தட்ட வேண்டும். அவன் பதிலுக்கு மூன்று தட்டுவான். பிறகுதான் வெளியே வருவான்.

அன்று கோயில் திருவிழாவுக்கு நேர்ந்த வாழைக்குலைகளைப் பழுக்கப் போட்டேன். தோட்ட மூலையில் கல்லால் கட்டிய, ஜன்னல் இல்லாத சின்ன அறை ஒன்று இருந்தது. அதுதான் புகையறை. குலைகளை உள்ளே அடுக்கி, தாழ்வான பலகைக் கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் சேறு பூசி, சுவரின் அடித் துளையில் வைத்த பானையில் தேங்காய்ப் பொச்சை எரித்து, புகையை உள்ளே ஊத வேண்டும். இடையில் திறந்தால் புகை போய்விடும். குலை அரைகுறையாகப் பழுத்துக் கெட்டுவிடும். அடைக்கும் முன் குனிந்து உள்ளே ஒருமுறை பார்ப்பது வழக்கம். பூனை கிடக்கும், கோழி கிடக்கும். அன்று முதுகு குனிய விடவில்லை. இந்த வயதில் இந்த வேலை வேண்டாம் என்று மகள் பல நாள் சண்டை பிடித்திருந்தாள். கூலிக்கு ஆள் வைக்க எனக்கு ரோசம். பார்க்காமல் சாத்தினேன், சேறு பூசினேன், பொச்சைக் கொளுத்தினேன்.

சிறிது நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை அவனைத் தேடிக்கொண்டு வந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது.

"தாத்தா, உவன் இஞ்சாலை வந்தவனோ?"

"காணேல்லை."

அவள் தண்ணீர்த் தொட்டியில் மூன்று முறை தட்டினாள். காது கொடுத்தாள். மாட்டுக் கொட்டிலின் தகரத்தில் தட்டினாள். கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்தபோது சிரிப்பு இல்லை.

"தாத்தா, புகையறைக்குள்ளை பாத்தனீங்களோ?"

"ஓம். பாத்திட்டுத்தான் அடைச்சனான்."

அது தானாகவே வாயில் வந்தது. அந்த நேரத்தில் அதை ஒரு பெரிய பொய்யாக நான் எண்ணவில்லை. அவன் உள்ளே இருக்க மாட்டான் என்றே நம்பினேன். அல்லது நம்ப விரும்பினேன். அவள் என் சொல்லை நம்பி, ஒழுங்கைக்கு ஓடினாள். அந்த ஓட்டத்தில் போன நேரத்தைத்தான் இன்றும் கணக்குப் பார்க்கிறேன். நான் பானையை ஊதுவதை நிறுத்தவில்லை.

ஒழுங்கையிலும் அவனைக் காணாமல் அவள் மூச்சிரைக்க வந்து நேரே புகையறைக் கதவில் தட்டினாள். மூன்று முறை. பதில் இல்லை. மறுபடியும் தட்டிவிட்டுக் கன்னத்தை ஈரச் சேற்றில் அப்படியே வைத்துக் கேட்டாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

"ஒருக்காத் தட்டினவன்! தாத்தா, ஒண்டு மட்டும் தட்டினவன்!"

மண்வெட்டியை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"விசரே பிள்ளை உனக்கு? கோயிலுக்கு நேர்ந்த குலை. எல்லாம் பழுதாப்போடும்!"

"விடுங்கோ தாத்தா! கையை விடுங்கோ!"

என் மணிக்கட்டைக் கடித்தாள். நான் கையை விட்டேன். சேற்றைக் கொத்தி, கதவை இழுத்துத் திறந்து, புகைக்குள் தவழ்ந்து போனாள். அவனை இழுத்துக்கொண்டு வந்தபோது அவன் உதடு நீலமாக இருந்தது. கை மட்டும் குலைக்காம்பு ஒன்றைப் பிடித்தபடி இருந்தது.

ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்தான். ஒட்சிசன் குழாயுடன் கிடந்தவனைப் பார்த்துவிட்டு மகள் வெளியே வந்து என்னைக் கேட்டாள்: "எப்பிடியப்பா நடந்தது?"

நான் சொன்னேன்: "அவள் போனுக்குள்ளை கிடந்தவள். பிள்ளை உள்ளுக்கை போனதைக் காணேல்லை. நான் பாத்திட்டுத்தான் அடைச்சனான். அதுக்குப் பிறகு கதவைத் திறந்து புகுந்திருப்பான்."

சேறு பூசிய கதவை ஐந்து வயதுப் பிள்ளை எப்படித் திறந்து புகுந்து மறுபடியும் சேறு பூசும் என்று யாரும் கேட்கவில்லை. படித்தவர், அரசாங்க உத்தியோகம் பார்த்தவர் என்ற மதிப்பு அங்கே எனக்கு உதவியது. அன்று மாலையே அவளுடைய தாய், எல்லோரும் பார்க்க, பூவரசங் கம்பால் அவளை அடித்தாள். "தாத்தா பாக்கேல்லை அம்மா! சத்தியமா அவர் பாக்கேல்லை!" என்று அவள் கத்தினாள். "பெரியாக்களைப் பொய்யர் எண்டுறியோ?" என்று இன்னும் இரண்டு அடி விழுந்தது. என் மணிக்கட்டில் அவளுடைய பல் அடையாளம் இருந்தது. சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டேன்.

மகள் சொல்ல, பொட்டைத் தென்னோலைக் கிடுகு வைத்து அடைத்தவனும் நான்தான். பேரன் பல நாள் அந்தக் கிடுகுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தான். கிடுகில் தட்டினால் சத்தம் வராது. பிறகு போவதை விட்டுவிட்டான்.

மூன்று ஆண்டுகள் இப்படிப் போயின. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்து முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழித்தார்கள். நானும் மகளும் போயிருந்தோம். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளையும் தாயுடன் வந்திருந்தாள். யாரோ குழந்தையை அவளிடம் நீட்டினார்கள். அவளுடைய தாய் சிரித்துக்கொண்டு, "ஐயோ, உவளிட்டைக் குடுக்காதையுங்கோ. உவள் பிள்ளையைப் புகைக்குள்ளை வாட்டுறவள்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்தபடியே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அந்தக் கைகளைத்தான் அன்று நான் பிடித்து நிறுத்தினேன். எழுந்து நின்றேன்.

"பிள்ளையிலை பிழை இல்லை. நான் உள்ளுக்கை பாக்கேல்லை. பாத்தனான் எண்டு பொய் சொன்னனான். கதவைத் திறக்க வந்தவளை மறிச்சதும் நான்தான். அவள் இல்லாட்டி என்ரை பேரன் இண்டைக்கு இல்லை."

அவளுடைய தாய் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்பிள்ளை என்னிடம் சத்தம் போடாமல் சொன்னாள்: "எனக்கு அண்டைக்கே தெரியும் தாத்தா. நான் சொன்னனான். ஒருத்தரும் கேக்கேல்லை." பிறகு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். குழந்தையை வாங்கவில்லை.

மகள் என்னுடன் கதைக்க நெடுநாளாயிற்று. இப்போது கதைக்கிறாள், ஆனால் பேரனை என்னுடன் தனியே விடுவதில்லை. அது நியாயம். புகையறையை இடித்தேன். மறுநாள் பொட்டில் நான் கட்டிய கிடுகுகளை நானே அவிழ்த்தேன். அவிழ்த்தபின்தான் தெரிந்தது, அவர்களும் தங்கள் பக்கத்தில் தகரம் அடித்திருந்தார்கள். போய்க் கேட்க எனக்கு வாய் இல்லை.

போன மாதம் ஒரு பின்னேரம் பேரன் அந்தத் தகரத்துக்கு முன்னால் நின்றான். பக்கத்தில் மகள் துணி காயவிட்டுக்கொண்டிருந்தாள். புகையைப் பற்றி அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. விளையாட்டின் சட்டம் மட்டும் எப்படியோ நினைவிருந்திருக்கிறது. மூன்று முறை தட்டினான். பதில் வரவில்லை. மகள் துணியைக் கையில் வைத்தபடி நின்றாள். அவன் திரும்பி நடக்கத் தொடங்கியபோது தகரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து இரண்டு. மூன்று.

"டேய் புரொபசர், மூக்கைத் துடைச்சனியோ?"

தகரம் இன்னும் கழற்றப்படவில்லை. அதனூடாகத்தான் இருவரும் கதைக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை. என் காலடி கேட்டால் அவள் நிறுத்திவிடுகிறாள்.