விரல் மடங்கினால் வழக்கு நிற்காது

கிள்ளான் கடைத்தெருவைத் தாண்டி, கோலாலம்பூர் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். வக்கீல் ஆபீஸ் படியிறங்கிய கோபம் காலில் இருந்தது. வலது கையைத் துண்டால் கழுத்தோடு கட்டியிருந்தேன். கடைகள் முடிந்த இடத்தில் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டேன். கை தொங்கியது. ரத்தம் இறங்கி ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் துடித்தது. மடக்கிப் பார்த்தேன். வாழைப்பழச் சீப்பைப் போல ஐந்தும் விறைத்து நின்றன. நடந்துகொண்டே இடது கையால் அவற்றைப் பிடித்து அமுக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. விடவில்லை.

அடிபட்டது ஒரு மரக்கிடங்கில். ரயில் பாதைக்குப் போடும் கட்டைகளைக் கயிறு கட்டித் தூக்கி வண்டியில் ஏற்றுவோம். கயிறு நைந்திருந்தது. காலையிலேயே மண்டோரிடம், அதாவது எங்கள் மேஸ்திரியிடம், சொன்னேன். "இன்னிக்கு ஒரு நாள் ஓட்டு லா, நாளைக்கு மாத்திக்கலாம்" என்றார். மத்தியானத்துக்குள் கயிறு அறுந்து, கட்டை என் மணிக்கட்டுக்கு மேலே விழுந்தது. என்னைவிடச் சத்தமாகக் கத்தியவர் மண்டோர்தான். கட்டை பிளந்துவிட்டதா பாருங்கடா என்று கத்தினார்.

ஆஸ்பத்திரியில் முன்கை எலும்பு இரண்டும் முறிந்திருப்பதாகச் சொல்லி, பிளாஸ்டர் (எலும்பு அசையாமலிருக்க, குழைத்துப் பூசினால் கல்லாக இறுகும் மாவுக்கட்டு) போட்டார்கள். வாரக்கணக்கில் அதற்குள் கை அரித்தது. வெட்டி எடுத்தபோது உள்ளே இருந்தது என் கை இல்லை. தோல் செதில் செதிலாக உரிந்து, நோஞ்சானாக, யாரோ கிழவனுடைய கை.

"எலும்பு கூடிருச்சு. ஆனா மூட்டு இறுக்கம் வந்திருக்கு" என்றார் டிரெஸ்ஸர் (புண் கட்டி மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரி உதவியாளர்). மூட்டு இறுக்கம் என்றால், வெகு நாள் அசையாமல் இருந்த மூட்டு துருப்பிடித்த கீல்போல மடங்க மறுப்பது. "வெந்நீர்ல வச்சு மடக்கு. தெனமும் மடக்கு. வலிக்குதுன்னு விட்டியோ, அப்படியே நின்னுரும்."

"எப்ப சரியாகும்?"

"அதை என்கிட்ட கேக்காதே. மடக்கிக்கிட்டே இரு."

கப்பலில் என்னோடு வந்த முத்தையா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், இருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த எனக்கு அவன் மனைவி தெய்வானைதான் சோறு பிசைந்து கொடுத்தாள். வழக்குப் போடச் சொன்னவன் முத்தையா. "கயிறு அவனுது, கை உன்னுது. சும்மா விடுவியா?" என்றான். நியாயம்தான். கிள்ளானில் ஒரு வக்கீலைப் பார்க்கக் கிளம்பினேன்.

வக்கீலை நான் பார்க்கவே இல்லை. அவருடைய கிராணி, அதாவது குமாஸ்தா, வாயில் வெற்றிலையோடு, என் விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல.

"நல்லா விறைச்சிருக்கு" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். "இப்படியே வச்சிரு தம்பி. எதிர்ப்பக்கத்து டாக்டர் வந்து பாக்கிற வரைக்கும் வெந்நீர், எண்ணெய் ஒண்ணும் வேணாம். துண்டை அவுக்காதே."

"டிரெஸ்ஸர் தெனமும் மடக்கச் சொன்னாரே?"

"அவருக்கு கேஸ் தெரியுமா? விரல் மடங்கிச்சுன்னா என்னத்தைக் காட்டி நஷ்டஈடு கேப்பே?"

"வலிச்சதைச் சொல்றேன். வேலையில்லாம கெடந்ததைச் சொல்றேன். கயிறு நைஞ்சு கெடந்ததைச் சொல்றேன்."

"வலியைத் தட்டுல வச்சு மேசையில காட்ட முடியுமா? சப்பைக் கேஸை வக்கீல் தொடமாட்டார்."

பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். நாற்பது வயசிருக்கும். வலது முழங்கையை மடக்கி நெஞ்சோடு வைத்திருந்தார். தோட்டத்து லோரி கவிழ்ந்து அடிபட்டவராம்.

"பயப்படாதே தம்பி. நானும் ஐயா சொன்னபடிதான் வச்சிருக்கேன். பழகிரும். கொசு கடிச்சாத்தான் தொல்லை."

"எவ்வளவு நாளா அண்ணே?"

"ரெண்டு தீபாவளி போயிருச்சு. கோர்ட்டுல தவணை தள்ளிக்கிட்டே போவுது. முடிஞ்சதும் நீட்டிற வேண்டியதுதான்."

"இப்ப நீட்டுங்க பாப்போம்."

அவர் கிராணியைப் பார்த்தார். கிராணி காகிதத்தில் குனிந்திருந்தார். பெஞ்சுக்காரர் கையை நீட்டப் பார்த்தார். தோள் எழும்பியது, கழுத்து நரம்பு புடைத்தது, முகம் கறுத்தது. முழங்கை அசையவில்லை. இடது கையால் இழுத்தார். பிறகு என்னைப் பார்த்து மறுபடியும் சிரிக்க முயன்றார். "காலையில கொஞ்சம் மரத்திருக்கும்" என்றார்.

நான் எழுந்து கிராணியிடம் சொன்னேன்: "உங்க கையை ரெண்டு தீபாவளிக்கு இப்படிக் கட்டி வச்சுக்கிட்டு வந்து எனக்குப் புத்தி சொல்லுங்க."

"போடா, கூலிக்காரப் பய. உனக்கெல்லாம் சட்டம் எதுக்கு?" என்றார்.

என் வழக்கில் நியாயம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. இன்றைக்கும் மண்டோரை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். இதைப் படிக்கிறவர் யாராவது கையோ காலோ அடிபட்டு யோசித்துக்கொண்டிருந்தால், வழக்கே போடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். துண்டாகிப் போன கை இனி வளராது; அதற்குக் கேளுங்கள், விடாமல் கேளுங்கள். உங்கள் வைத்தியத்தை நிறுத்தச் சொல்லாத வக்கீலும் எங்காவது இருப்பார்; தேடுங்கள். எனக்குக் கிடைத்த ஆள், குணமாகக்கூடிய கையைக் கெடுத்துக் கொண்டுவரச் சொன்னார். மண்டோர் கையை முறித்தார், மீதியை நானே முறித்துக்கொள்ள வேண்டுமாம். அந்தக் கை இல்லாமல் நான் எந்த ஊருக்குப் போய் எந்த வேலையைக் கேட்பேன்? நான் படித்தது கொஞ்சம். எனக்குப் பிழைப்பு கையில்தான் இருக்கிறது.

வழியில் பத்து தீகா என்ற ஊரில் ஒரு மணல் லோரி ஏற்றிக்கொண்டது. பொழுது சாயும்போது லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். முத்தையா வேலையிலிருந்து வரவில்லை. தெய்வானையிடம் நடந்ததைச் சொன்னேன்.

"மடையா! அவங்க கொடுத்திருந்தா ஊருக்குக் கப்பல் ஏறியிருக்கலாமே" என்று அடுப்படியிலிருந்து கத்தினாள். "உனக்கு ஒரு இடத்துல உக்காரத் தெரியாது. ஆஸ்பத்திரியில உக்கார மாட்டே, ஆபீஸ்ல உக்கார மாட்டே."

"அந்த அண்ணன் கையை நீ பாக்கலக்கா."

உள்ளே அடுப்பை ஊதும் சத்தம் கேட்டது. பிறகு வெந்நீர்ப் பாத்திரத்தை என் முன்னால் ஓசையோடு வைத்தாள். "மடக்கு. அழுதா வெளியில போய் அழு."

மடக்கினேன். அழவும் செய்தேன், வெளியில் போகாமலே. அவள் பார்க்காததுபோல வெங்காயம் நறுக்கினாள். விரல்நுனி உள்ளங்கையைத் தொட இன்னும் இரண்டு விரற்கடை இருந்தது.

"பால்காரர் அழகருக்கு ஆள் வேணுமாம். மாடு கறக்க. போய்க் கேளு" என்றாள்.

மறுநாள் விடியலில் லயத்துக்குப் பின்னால் இருந்த மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். அழகர் என் கையைப் பார்த்தார்.

"இதை வச்சா கறக்கப்போறே? மாடு சிரிக்கும்டா."

"சிரிக்கட்டும்ணே. உதைக்காம இருந்தா போதும்."

"கை நோவுதுன்னு பாலை மடியில விட்டே, மாடு கெட்டுப்போவும். கடைசிச் சொட்டு வரைக்கும் எடுக்கணும்."

சரி என்றேன். ஒரு கிழட்டுச் சிவப்புப் பசுவைக் காட்டினார். உட்கார்ந்தேன். இடது கை ஒரு பீச்சு பீச்சி முடித்துவிட்டுக் காத்திருந்தது. வலது கை அப்போதுதான் காம்பைச் சுற்றி மெதுவாக மூடத் தொடங்கியது. முன்பெல்லாம் எனக்கு இரண்டு கையும் ஒரே ஆள். இப்போது ஒருவன் முன்னால் போய் நின்று திரும்பிப் பார்க்கிறான், இன்னொருவன் தன் நேரத்துக்கு வருகிறான். பசு காலை மாற்றி வைத்தது, உதைக்கவில்லை. வாளியில் பால் ஒரு பெரிய சத்தமும் ஒரு சின்னச் சத்தமுமாக விழுந்தது. கடைசிச் சொட்டு வரைக்கும் கறந்தேன். அழகர் வந்து மடியைத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த மாட்டைக் காட்டினார்.