முதல் மொய் நம்முடையது

பாண்டிச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் பின்பக்கச் சந்தில், ஒரு மாடியில் இருந்தது அந்த பிரவுசிங் சென்டர். உள்ளே ஏசியின் ஈர வாடை. யாராவது கதவைத் திறந்தால் கூடவே மீன் வாடையும் கதம்ப வாசனையும் சேர்ந்து வரும்... கீபோர்டில் பாதி எழுத்து தேய்ந்திருக்கும். பலகைத் தடுப்புக்குள் போய் உட்கார்ந்தால் அடுத்த தடுப்பில் இருப்பவர் இருமுவதுகூடக் கேட்கும்.

அங்கேதான் நான் பிளாக் ஆரம்பித்தேன். அப்போது தட்டாஞ்சாவடியில் ஒரு சின்னக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அதே வேலைதான், கம்பெனி மட்டும் வேறு.

முதல் பதிவு, பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் மதியச் சாப்பாட்டில் குழம்பு மாற்றிக்கொள்வதைப் பற்றி. பத்தி பிரிக்கத் தெரியாது. பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்ததில் பதிவு இரண்டு முறை விழுந்துவிட்டது. இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை ஆபீஸுக்கு முன்னால் போய்ப் பார்த்தால் ஒரு பின்னூட்டம் இருந்தது.

"ரெண்டு வாட்டி படிச்சேங்க. ரெண்டு வாட்டி போட்டிருந்தீங்களே... அந்தக் கருவாட்டுக் குழம்பு கடைசில யாருக்குக் கெடைச்சுது?"

எழுதியவர் ஆரோக்கியம் அண்ணன். அப்போது அவர் யாரென்றே தெரியாது. அன்று முழுக்க ஆபீஸில் எனக்குக் கூட்டல் தப்புத் தப்பாக வந்தது. அவ்வளவு சந்தோஷம்.

பிறகுதான் தெரிந்தது, அது பாண்டிச்சேரி பதிவர்களின் வழக்கம் என்று. பின்னூட்டத்துக்கு அந்த நாளில் மொய் என்றுதான் பேர். புதிதாக யார் எழுத வந்தாலும் முதல் மொய் நம்மாட்கள் வைத்துவிட வேண்டும். பதிவு எப்படி இருந்தாலும் சரி. அதில் ஒரு கேள்வி இருக்க வேண்டும், பதில் எழுதவாவது அவர் மறுபடி வருவார் இல்லையா. எழுத்துப்பிழை, பத்தி, படத்தின் சைஸ் எல்லாம் தனி மெயிலில்தான் சொல்வது, அதுவும் கொஞ்ச நாள் கழித்து. சபையில் வைத்துச் சொல்லக் கூடாது.

ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் பீச்சில் கூடுவோம். ஆரோக்கியம் அண்ணன் சொல்தா வீட்டுப் பிள்ளை, பிரெஞ்சு பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த அப்பாவுக்குப் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. எங்கள் செட்டில் முதலில் சொந்தக் கம்ப்யூட்டர் வாங்கியவர் அவர்தான். அரசியல் பேச ஆரம்பித்தால் அவரும் மற்றவர்களும் கைகலப்பு வரைக்கும் போவார்கள். ஆனால் புது ஆள் யாராவது வந்திருந்தால் குரல் தானாக இறங்கிவிடும்.

"வந்த அன்னிக்கே பயந்து ஓடிடப் போறாங்க. நம்ம சண்டைய அப்புறம் வச்சுக்கலாம்யா" என்பார்.

அப்புறம் பெரிய கம்பெனிகளின் தளங்கள் வந்தன. எல்லோரும் அங்கே போனோம்... சத்தம், விளம்பரம், முகம் தெரியாதவர்களின் வசவு.

அது தாங்காமல்தான் சில வருடங்களுக்கு முன்னால் நானும் அண்ணனும் ஒரு சின்ன சர்வர் ஆரம்பித்தோம். பெரிய தளங்கள் மாதிரியே எழுதலாம், படம் போடலாம், ஆனால் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத திறந்த வலை. யாரும் சேரலாம், மற்ற சர்வர்களில் இருப்பவர்களோடும் பேசலாம். மெஷினை அண்ணன் பார்த்துக்கொள்வார், ஆட்களை நான் பார்த்துக்கொள்வேன். ஆட்களைப் பார்த்துக்கொள்வது என்றால்... புகார் படிப்பது, ஸ்பாம் அழிப்பது, சண்டையை விலக்கிவிட்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது. ஆபீஸ் முடித்து, சமைத்து, பாத்திரம் கழுவி, அதற்கப்புறம் இது. களைப்பாக இருக்கிறது, நண்பர்களே. சும்மா சொல்லவில்லை.

போன மாதம் 'மருந்துக்கடை கலா' என்ற பெயரில் ஒரு பெண் சேர்ந்தாள். காலாப்பட்டில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலையாம். மாத்திரையின் பேர் தெரியாமல் "அந்த ரோஸ் கலரு குடும்மா" என்று கேட்டு வருகிறவர்களைப் பற்றி எழுதி, கடை வாசலைப் படம் பிடித்துப் போட்டிருந்தாள். நன்றாக இருந்தது. சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதுதான் பார்த்தேன். அதற்குள் கீழே பதில்கள் வந்திருந்தன.

"படத்துக்கு விளக்கம் எழுதணும். பார்வையில்லாதவங்களும் இங்க இருக்காங்க."

"ஹேஷ்டேக் போடுங்க."

"உடம்பு நோய் பத்தின்னா மேல ஒரு எச்சரிக்கை போடறது இங்க வழக்கம்."

"விதிமுறைய ஒரு தடவ படிச்சிட்டு வந்துடுங்களேன்."

எதுவும் தப்பில்லை. அந்த விதிமுறையை எழுதியதே நான்தான். ஒருவர்கூட மரியாதை குறைவாகப் பேசவில்லை. ஆனால் அந்த ரோஸ் மாத்திரை எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானாவது கேட்போம் என்று எழுதி அனுப்பினால் போகவில்லை. கணக்கையே அழித்துவிட்டுப் போயிருந்தாள்.

பஸ்ஸிலேயே கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து அண்ணனுக்கு போன் செய்தேன். அவர் குரலும் முன்பு போல இல்லை.

"புதுசா சேக்கறத நிறுத்திடலாம்மா. கதவ சாத்திட்டு, இருக்கறவங்க இருந்துட்டுப் போவட்டும். உன்னாலயும் முடியல, என்னாலயும் முடியல."

"அப்ப எதுக்குண்ணே ஆரம்பிச்சோம்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மனசு கேட்காமல் அந்தப் பெயரைப் போட்டுத் தேடினேன். கலா தனியாக ஒரு பிளாக் ஆரம்பித்திருந்தாள்... இந்தக் காலத்தில். அதே பதிவு, அதே வாசல் படம். கீழே பின்னூட்டம் எதுவும் இல்லை.

"நானும் பாண்டிதாங்க. ரோஸ் கலருன்னு கேட்டவங்களுக்குக் கடைசில எத எடுத்துக் குடுத்தீங்க?" என்று எழுதி அனுப்பினேன்.

உடனே ஒரு வரி வந்தது. உங்கள் கருத்து உரிமையாளரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.

அந்தக் காலத்தில் எங்கள் செட்டில் யார் பிளாக்கிலும் இந்தத் தாழ்ப்பாள் கிடையாது. எழுதினால் அப்படியே விழும், திட்டாக இருந்தாலும் விழும். இவள் முதல் நாளே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தினமும் போய்ப் பார்க்கிறேன். ஒப்புதல் இன்னும் வரவில்லை. நேற்று அண்ணன் கூப்பிட்டார்.

"என்னம்மா, சாத்திடலாமா?"

"வேணாண்ணே" என்றேன். "இங்க நானே ஒருத்தர் வாசல்ல நின்னுட்டு இருக்கேன்."