ஏரியோரத்து லைன் வீடு

இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஆவடியில் பட்டாளத்துக்காரர்கள் டிப்போ போட்டதும் வேலை தேடி ஊர் ஊராக ஆட்கள் வந்து இறங்கினார்கள். என் கணவரும் அப்படித்தான் ஃபிட்டர் வேலைக்கு வந்தார். தங்குவதற்குத்தான் இடமில்லை. பூந்தமல்லிப் பக்கம் செங்கல் சூளை வைத்திருந்த ஒருவர், ஏரியை ஒட்டிய தன் நிலத்தில், வாடகைக்கு விடுவதற்கென்றே எட்டு அறைகளை ஒரே வரிசையாகக் கட்டினார். லைன் வீடு என்பார்கள். சூளையில் சரியாக வேகாமல் ஒதுக்கிய கல்லெல்லாம் எங்கள் சுவருக்கு வந்தது. சுண்ணாம்புக்குப் பதில் சேறு. பார்வைக்கு மேலே வெள்ளைப் பூச்சு. எட்டுக் குடும்பத்துக்கும் ஒரே கக்கூஸ். தான் குடியிருக்கும் வீட்டை எந்த மனிதனும் அப்படிக் கட்டமாட்டான்.

பக்கத்து அறையில் ஒரு முஸ்லிம் தையல்காரர், பட்டாளத்துக்குக் காக்கி தைப்பவர், தன் மனைவியோடு இருந்தார். எங்கள் இரண்டு அறைகளுக்கும் பின்சுவர் உப்பிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் சரிசெய்யச் சொல்லி நானும் அவர் மனைவியும் சூளைக்கே போய்க் கேட்டோம். சூளைக்காரர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"புடிக்கலன்னா காலி பண்ணும்மா. அந்த ரூமுக்குப் பத்து பேரு நின்னுகினு கீறான்."

அது உண்மை. அதனால்தான் அவ்வளவு எரிந்தது.

மழை தொடங்கிய மூன்றாம் நாள் காலை, தையல்காரர் மிஷினில் உட்கார்ந்திருந்தபோது சுவர் அவர்மேல் சரிந்தது. கல்லை அள்ளி அப்பால் போட்டு அவரை வெளியே எடுத்தோம். பாதிக் கல் எங்கள் கையிலேயே கரைந்தது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். வலது கை கத்தரிக்கோல் பிடிக்கும் கையாகத் திரும்பவில்லை.

மறுநாள் சூளைக்காரர் குடையோடு வந்தார். கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இடிபாட்டைக் குடை நுனியால் கிளறியவர், "செவுத்துல ஆணி அட்ச்சது யாரு?" என்றார். ஆணியால்தான் சுவர் விழுந்ததாம். வேகாத கல்லைப் பற்றி நான் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை. அதற்காக இன்றும் என்னை நான் மன்னிக்கவில்லை.

மழை விட்டதும் சுவரை எழுப்பினார். அதோடு நிற்கவில்லை. நாங்கள் துணி உலர்த்தும் பின்கட்டு வெளியில் கயிறு பிடித்து, இன்னும் இரண்டு அறைகளுக்கு அஸ்திவாரம் தோண்டச் சொன்னார். நான் போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டேன். வரிசையில் இருந்த இன்னும் இரண்டு பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

"மொதல்ல இன்னொரு கக்கூஸ் கட்டு. அப்பால ரூம் கட்டு" என்றேன்.

பொம்பளைங்க மேலே கல் வைக்கமாட்டேன் என்று கொத்தனார் கரண்டியைப் போட்டுவிட்டு நிழலுக்குப் போனார். இரண்டு நாள் வேலை நின்றது. சூளைக்காரர் டிப்போவில் சொல்லித் தன் வேலையைப் பறித்துவிடுவார் என்று என் கணவர் பயந்தார், நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் என்னைப் பள்ளத்திலிருந்து எழுப்ப வந்தவள் தையல்காரர் மனைவி.

"எயுந்துரு அக்கா. புது ரூம்ல ஒண்ணு கொறஞ்ச வாடகைக்கு எங்களுக்குத் தரேன்னிருக்காரு. இவரு கைய வச்சிகினு நாங்க எங்க போவோம்?"

எழுந்தேன். அவளுக்காகவும் சேர்த்து உட்கார்ந்த என்னை அவளே எழுப்பிவிட்டாளே என்ற கோபத்தில் அப்புறம் அவளோடு பேசவில்லை. கோபப்பட வேண்டிய ஆள் அவள் இல்லை என்று புரிய எனக்கு வருடக்கணக்காயிற்று. அவளை எனக்கு எதிரே நிறுத்திய மனிதர் அந்த நேரம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்.

அந்த மாதமே சூளைக்காரர் எங்களைக் காலி செய்யச் சொன்னார். நான் வண்டியில் சாமான் ஏற்றும்போதே அடுத்த குடித்தனக்காரி இடுப்பில் குழந்தையோடு வந்துவிட்டாள். இங்கே நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் அவளிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். நாலு நாளாக ரயிலடியில் படுத்திருக்கிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.